அரைப்பேர்

ஆவணியில் எரிந்தது புற்தரை.
ஓகியாவுக்கு மேலே, மேற்கணக்கு எல்லைக் கல்லிலிருந்து
டர்பன்டைன் காட்டு விளிம்பு வரைக்கும்
இரண்டு இரவு, ஒரு பகல்.
கொழுந்து நிறுவையை அப்படியே விட்டு
லயத்து ஆட்கள் கொய்யாக் கொப்போடு ஓடினோம்.
நானும் அடித்தேன்.
கச்சான் காற்று திரும்பியபோது
என் இடது புருவம் பொசுங்கிப் போனது.
அன்றைக்குக் கணக்கப்பிள்ளை எங்களுக்குப் போட்டது
அரைப்பேர்.
நெருப்பணைப்பது செக்ரோல் வேலை இல்லையாம்.

புரட்டாசிப் பாதியில் மழை.
கரிக்கு எவ்வளவு பசி என்று
பிறகு ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.
ஒரு கிழமைக்குள் ஊசி ஊசியாய்ப் புல்.
மகாரத்மல் என்று பந்துல சொல்லும் மரம்
மேலே செத்து
தூரில் சிவப்பாய்த் துளிர்த்திருந்தது.
ஈரச் சாம்பலில் குளம்படி,
இரண்டு விரலை ஊன்றி எடுத்தது போல,
ஓரம் இன்னும் உதிராமல்.
கோனா என்று தொடங்கியவன்
எனக்காக மரை என்று மாற்றிச் சொன்னான்.

அவன் கீழ் நாட்டுப் பக்கத்து ஆள்.
துவக்கு அவனுடையது.
தண்ணீர்க் குழாயில் செய்தது,
அனுமதியும் இல்லை, நேராகவும் சுடாது.
வழி என்னுடையது.

இரண்டு இரவு ஒன்றும் வரவில்லை.
மூன்றாம் இரவு பனி இறங்கிவிட்டது.
கல்லுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தோம்,
முட்டியெல்லாம் கரி.
இருமல் வந்தால் மண்ணைக் கடி என்றான்.
கடித்தேன்.
உப்பாயிருந்தது.

வந்தது.
கொம்பில்லாத பெரிய பெண் மரை.
கழுத்து மயிர் நனைந்து
மூக்கு நுனியில் சாம்பல் ஒட்டி
இடுகாட்டு மேடுகளுக்கு நடுவே நின்றது.
பலகை, சிலுவை, தகரவேல் எல்லாம் எரிந்த பிறகு
எது யார் மேடு என்று
மரைக்கு மட்டுமா தெரியாது?
அங்கேதான் புல் எல்லாவற்றையும் விடப் பச்சை.
முன்காலைத் தூக்கித் தரையை ஒரு தட்டு தட்டியது.
காற்றைக் கேட்டது.
மறுபடி குனிந்தது.

பந்துல துவக்கை என் பக்கம் தள்ளினான்.
"உன் ஆட்கள் படுத்திருக்கிற இடம். நீயே சுடு."

சத்தம் எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வரும் வரைக்கும்
அது நின்றுகொண்டே இருந்தது.
பிறகு முன்னங்கால் மடிய இறங்கியது,
நிறைகூடையை இறக்குகிறவள் குனிகிற மாதிரி.

கவ்வாத்துக் கத்தியால் வயிற்றைக் கீறினேன்.
ஆவி எழும்பியது.
அந்த வாசனை எனக்குத் தெரியும்:
பேக்டரி மேல்தட்டில் கொழுந்து வாடும்போது வருகிற
அதே பச்சை.
பை நிறையப் புல், பாதி அரைபட்டு.
ஆறு கிழமைப் புல்.
கையை உள்ளே வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தேன்.
குளிருக்குத்தான்.

"நெருப்பு தானாய் வந்திருக்காது, என்ன?"
என்று கேட்டான் பந்துல.
"வெயில்," என்றேன்.
தலையாட்டினான்.
பீடியை உதட்டில் வைத்து
தீப்பெட்டிக்கு
என் சட்டைப் பையை நோக்கிக் கை நீட்டினான்,
அது எங்கே இருக்கும் என்று தெரிந்தவன் போல.

விடியுமுன் பங்கு பிரித்தோம்.
கிலோ என்ன விலைக்குப் போகும் என்பதையெல்லாம்
அவன் பார்த்துக்கொள்வான்.
தொடைத் துண்டு ஒன்றை
உரப் பையில் சுற்றி
செங்கமலத்தின் காம்பரா வாசலில் வைத்தேன்.
அவளுடைய லீக்ஸ் பாத்தி மூன்றும்
பக்கத்தில் கட்டியிருந்த கன்றும்
ஆவணியோடு போனவை.

திரும்புவதற்குள் கதவு திறந்தது.
பையைப் பார்த்தாள்.
இன்னும் முளைக்காத என் புருவத்தைப் பார்த்தாள்.
"அரைப்பேர்தானே போட்டானுங்க?"
"ஆமா."
"மிச்ச அரைக்கு இதா?"

பையை எடுத்து உள்ளே போனாள்.
எடுத்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பீலியில் கை கழுவினேன்.
நகக்கண்ணில் இருந்தது
கரியா, இரத்தமா, புல்லா,
வெளிச்சம் போதவில்லை.
மேலே பிரட்டுக்குச் சங்கு ஊதினார்கள்.
போனேன்.